விவசாயம் கற்பிக்க ஆசிரியர் எங்கே?

சென்னை ஆதம்பாக்கத்தில் இன்று நெல் விளைவதில்லை. ஏரிப் பாசனத்தில் பயிரான நிலங்கள் வீட்டு மனைகளாகிவிட்டன, ஏரியும் சுருங்கிவிட்டது. ஊர்ப் பெயரின் கடைசியில் உள்ள 'பாக்கம்' மட்டுமே பழைய கிராமத்தை நினைவூட்டுகிறது. ஆனால் தமிழகத்தில் விவசாயத்தைப் பள்ளிக்கூடப் படிப்பாகச் சொல்லிக் கொடுக்கும் முயற்சி தொடங்கிய இடம் இந்த ஊருக்கு மிக அருகில்தான் இருக்கிறது. இங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தூரத்தில் உள்ள சைதாப்பேட்டையே அந்த இடம்.

சென்னை கவர்னராக இருந்த சர் வில்லியம் டெனிசன் காலத்தில், 1860-களில், சைதாப்பேட்டையில் அரசாங்கச் சோதனைப் பண்ணை ஏற்பட்டது. நீராவியால் இயங்கும் கலப்பைகள் உள்படப் பல இயந்திரங்கள் சீமையிலிருந்து தருவிக்கப்பட்டன. 1868-ல் அங்கே விவசாயப் பள்ளி தொடங்கியது. 1876-ல் அது கல்லூரியாயிற்று. பின்னர் 1906-ல் கோவைக்கு மாற்றப்பட்டது. அந்த விதையிலிருந்து வளர்ந்த மரமே 1971-ல் உருவான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஆசிரியர்களைத் தயாரிக்க 1856-ல் தொடங்கிய அரசினர் பயிற்சிப் பள்ளியும் பிற்பாடு சைதாப்பேட்டைக்கே வந்து, ஆசிரியர் கல்லூரியாக இன்றும் நடந்து வருகிறது.

விவசாயம் கற்பிக்கும் கூடமும், கற்பிப்பவர்களைத் தயாரிக்கும் கூடமும் ஒரே ஊரில் கால் ஊன்றியிருக்கின்றன. இருந்தும், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, விவசாயத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் தமிழகத்துப் பள்ளிகளில் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் மகிழ்ச்சி தருவதாக இல்லை. கணக்குக்கு ஆசிரியர் உண்டு, ஆங்கிலத்துக்கு உண்டு, கம்ப்யூட்டருக்கும் உண்டு. ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடும் தொழிலுக்கு மட்டும் பெரும்பாலான பள்ளிகளில் ஆசிரியர் இல்லை.

பழைய பாடம்

சைதாப்பேட்டை முயற்சி ஏன் கிராமத்தைத் தொடவில்லை என்பதை விவசாயிகள் அறிந்துகொள்வது நல்லது. கருவிகள் சீமையிலிருந்து வந்தன. போதனையும் அப்படியே வந்தது. அங்கே படித்தவர்களில் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடினார்களே தவிர, ஏர் பிடிக்கத் திரும்பவில்லை. படித்தவன் கச்சேரிக்குப் போனான். உழுதவன் படிக்காமலே இருந்தான்.

1889-ல் இந்தியாவுக்கு வந்து நாடு முழுவதும் சுற்றிப் பார்த்த வோல்க்கர் என்ற ஆங்கிலேய வேளாண் ரசாயன நிபுணர், 1893-ல் வெளியான தம் அறிக்கையில் முக்கியமான ஒன்றைச் சொன்னார். இந்திய விவசாயி தன் தொழிலில் சராசரி ஆங்கிலேய விவசாயிக்குச் சளைத்தவன் அல்ல. சில விஷயங்களில் அவனைவிடத் தேர்ந்தவன் என்பதே அது. அதாவது, இங்குள்ள உழவனுக்குச் சொல்லிக் கொடுக்க வருபவன் முதலில் அவனிடம் கற்றுக்கொள்ள வேண்டியவனாக இருக்கிறான்.

இந்த உண்மை இன்றைக்கும் பொருந்தும். வேளாண் ஆசிரியர் என்பவர் புத்தகத்தை ஒப்பிப்பவராக இருந்தால் பயனில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. வயல் வரப்பில் நின்று பேசத் தெரிந்தவரே அந்த வேலைக்குத் தகுதியானவர். அப்படிப்பட்டவர்கள் யார் வீட்டில் பிறக்கிறார்கள்? சிறு விவசாயிகளின் வீட்டில்தான். இந்த உத்தியோகத்தைப் பற்றி விவசாயப் பெருமக்கள் அக்கறையோடு யோசிக்க வேண்டியதற்கு முதல் காரணம் இதுவே.

பள்ளியில் வந்த பிரிவு

1978-ல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி அறிமுகமானபோது, அதனுடன் தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்தே வந்தது. அதில் விவசாயமும் ஓர் இடம் பெற்றது. பத்தாவது முடித்த பையனோ பெண்ணோ இரண்டு ஆண்டு விவசாயம் படித்து, செய்முறையும் கற்று, மேற்படிப்புக்கோ சொந்த நிலத்துக்கோ போகலாம் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் பட்டப் படிப்புச் சேர்க்கையில் தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்களுக்கென்று தனி ஒதுக்கீடும் உண்டு. பாட நூல்கள் 2018-ல் தொடங்கிப் புதுப்பிக்கப்பட்டு, வேளாண் அறிவியல் என்ற பெயரில் கருத்தியலும் செய்முறையும் தமிழிலேயே கிடைக்கின்றன.

பாடம் இருக்கிறது, நூல் இருக்கிறது, ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் ஆசிரியர்? தொடக்கத்தில் பல தொழிற்கல்வி ஆசிரியர்கள் பகுதி நேரமாகவே நியமிக்கப்பட்டார்கள். நீண்ட காலம் காத்திருந்த பிறகே நிரந்தரமானார்கள். அவர்கள் ஓய்வு பெற்றபோது பல இடங்கள் நிரப்பப்படவில்லை. ஆசிரியர் போனதும் பிரிவு மூடப்பட்டது. ஆசிரியர் தேர்வு வாரியம் விவசாயப் பயிற்றுநர் பணிக்கு ஆள் எடுத்ததுண்டு. ஆனால் அந்த இடங்கள் தேவையோடு ஒப்பிட்டால் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஓர் ஆசிரியர் ஓய்வு பெற்றால் ஒரு நாற்காலி காலியாகிறது என்றுதான் அலுவலகக் கணக்கில் எழுதுவார்கள். அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கோ ஒரு வாசலே அடைபட்டுப் போகிறது. விவசாயப் பிரிவு இல்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு, அந்த ஒதுக்கீடு இருந்தும் இல்லாததுதான்.

கைப்பேசி போதாதா?

"இப்போது எல்லாம் கைப்பேசியிலேயே வருகிறதே, ஆசிரியர் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, பதில் வயலில் இருக்கிறது.

நட்ட மூன்றாவது வாரத்தில் நெற்பயிர் வெளிறி, அடி இலைகளில் துருப் பிடித்தாற்போலப் புள்ளிகள் தோன்றுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அது துத்தநாகக் குறைவாக இருக்கலாம். அப்படியானால் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் போட்டுச் சமாளிக்கும் விஷயம். நோயாகவும் இருக்கலாம்; வடிகால் இல்லாத கோளாறாகவும் இருக்கலாம். கைப்பேசியில் தேடுகிறவருக்குப் பத்துப் படங்கள் வரும். பத்தும் மஞ்சளாகவே இருக்கும். கடைக்குப் போனால் மூன்று புட்டிகள் கைக்கு வரும். இடுபொருள் கடைக்காரர்களுக்கே முறையான அறிவு வேண்டும் என்று கருதி, ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-ல் அவர்களுக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. விற்பவருக்குப் படிப்பு வேண்டுமென்றால் வாங்குபவரின் பிள்ளைக்கு வேண்டாமா?

மண் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளலாம். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில், மேல் குப்பையை அகற்றி, ஆங்கில 'வி' எழுத்தைப் போல அரை அடி ஆழத்துக்கு வெட்டி, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளித் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ மிஞ்சும்படி எடுக்க வேண்டும். எரு குவித்த இடம், வரப்போரம், மரத்தடி ஆகிய இடங்களில் எடுக்கக் கூடாது. எழுதினால் நான்கு வரி. ஆனால் ஒரு முறை மண்வெட்டியோடு கூட நின்று காட்டிவிட்டால், அந்த மாணவன் வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டான். அப்பாவுக்கும் அவனே ஆசிரியராகிவிடுவான்.

உப்புக் கரைசலில் விதை தேர்வு செய்வதும் அப்படித்தான். நல்ல முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து, அதில் விதை நெல்லைக் கொட்டினால் பொக்கு மேலே வரும். திரட்சியான விதை அடியில் தங்கும். தங்கிய விதையை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். செலவு சில ரூபாய். பலன் ஒரே சீரான நாற்று.

சொன்னால் கேட்பார்கள்

விவசாயிகள் புதுமையை ஏற்கமாட்டார்கள் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. அது பொய் என்பதற்குத் தஞ்சை மாவட்டமே சாட்சி. 1960-களின் பிற்பகுதியில், ஆடுதுறை 27 என்ற குறுவைக்கேற்ற குறுகிய கால நெல் ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பில் தொடர்ந்து சொல்லப்பட்டது. ரகம் பரவிய வேகத்தில் மக்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். புரியும் தமிழில், நம்பும் குரலில், பருவத்துக்கு முன்பே சொன்னால் விவசாயி கேட்பான் என்பதுதான் அதன் பாடம்.

ஆனால் எல்லாவற்றையும் வானொலியில் சொல்லிவிட முடியாது. திருந்திய நெல் சாகுபடியைப் பாருங்கள். ஏக்கருக்கு மூன்று கிலோ விதை, பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒற்றை நாற்று, நாற்றுக்கு நாற்று ஏறக்குறைய முக்கால் அடி இடைவெளி. நட்ட வயலைப் பார்த்தால் நடாத வயல்போல இருக்கும். இருபது, இருபத்தைந்து கிலோ விதை விட்டுப் பழகியவருக்கு நெஞ்சு படபடக்காமல் என்ன செய்யும்? அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். அந்த மூன்று நான்கு வாரங்கள் அருகில் நின்று, கோனோ வீடரை உருட்டச் சொல்லி, தூர் கட்டும் வரை தைரியம் சொல்ல ஓர் ஆள் தேவை. அந்த ஆள்தான் ஆசிரியர்.

1989-ல் இந்தோனேசியாவில் நெல்லில் புகையான் தொல்லையைச் சமாளிக்க உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கியதும் இந்தக் காரணத்தால்தான். பூச்சிமருந்தைக் கண்டபடி தெளித்ததால் நன்மை செய்யும் சிலந்திகளும் வண்டுகளும் செத்து, புகையான் இன்னும் பெருகியது. சுமார் இருபத்தைந்து விவசாயிகள் வாரம் ஒரு முறை வயலில் கூடி, பயிரைப் பார்த்து, பூச்சியை எண்ணி, நல்லது எது கெட்டது எது என்று தாங்களே முடிவு செய்யப் பழகினார்கள். அந்த முறை பல நாடுகளுக்குப் பரவி, இந்தியாவுக்கும் வந்தது. அங்கே ஆசிரியர் பிரசங்கம் செய்வதில்லை. கேள்வி கேட்பார், பார்க்க வைப்பார்.

இந்த உத்தியோகத்தின் சிறப்பு

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதை இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு ஏக்கர்கூடத் தேறாது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்ற பழமொழி இன்றைக்கும் பழசாகவில்லை. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போவதைக் குறை சொல்லிப் பயனில்லை. போகாமலே சம்பளம் பெறும் வழி உண்டா என்பதே கேள்வி.

அத்தகைய சில வழிகளில் ஒன்று வேளாண் ஆசிரியர் வேலை. மாதச் சம்பளம் மழையை நம்பி இல்லை. ஊருக்கருகிலேயே பணி கிடைத்தால் சொந்த நிலத்தையும் கைவிட வேண்டியதில்லை. அந்த நிலமே மாணவர்களுக்குச் செய்முறைக் கூடமாகலாம். படித்த பெண்களுக்கு இது மிகவும் ஏற்றது. களையெடுப்பு, நாற்று நடவு, கறவை மாடு, கோழி என்று பாதிக்கு மேற்பட்ட பண்ணை வேலையைப் பெண்களே செய்யும் ஊர்களில், பெண் ஆசிரியர் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு.

பள்ளி மட்டுமே இடம் என்றும் இல்லை. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் எழுநூறுக்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. அவற்றின் முக்கிய வேலைகளில் ஒன்று பயிற்சி அளிப்பது. உழவர் பயிற்சி நிலையங்கள், வேளாண் கல்லூரிகள், பட்டயப் படிப்பு நடத்தும் நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகிய எல்லா இடங்களிலும் சொல்லிக் கொடுக்கத் தெரிந்த வேளாண் பட்டதாரிக்கு வேலை உண்டு. மேல்படிப்பு படித்தவர்களுக்குக் கல்லூரி ஆசிரியர் பணியும் ஆராய்ச்சியும் திறந்திருக்கின்றன.

குறையையும் மறைக்கக் கூடாது. பள்ளிகளில் நிரந்தர இடங்கள் இன்று குறைவு. ஒப்பந்தத்திலும் தொகுப்பூதியத்திலும் அமர்த்தப்படுகிறவர் அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாத நிலையில், மூன்றாண்டில் காய்க்கும் மரத்தை எந்த மனத்தோடு பள்ளியில் நடுவார்? மா ஒட்டு நட்டவன் காய்ப்பைப் பார்க்க அங்கே இருக்க வேண்டும். நிரந்தரம் இல்லாத இடத்தில் நல்ல ஆசிரியர் தங்கமாட்டார்; நல்ல ஆசிரியர் தங்காத பிரிவில் பிள்ளைகள் சேரமாட்டார்கள்; பிள்ளைகள் சேரவில்லை என்று சொல்லிப் பிரிவை மூடிவிடுவார்கள். இந்த வட்டத்தை ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். அறுக்க வேண்டிய இடம் ஆசிரியர் நியமனம்.

அமெரிக்கா செய்தது

அமெரிக்காவில் 1917-ல் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் என்ற ஒன்று வந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் விவசாயம் கற்பிக்கும் ஆசிரியர்களின் சம்பளத்துக்கு மத்திய அரசாங்கமே பணம் தர ஏற்பாடாயிற்று. ஒரு நிபந்தனை மட்டும் முக்கியமானது: மாணவர் ஆண்டில் குறைந்தது ஆறு மாதம், பள்ளிப் பண்ணையிலோ வேறு பண்ணையிலோ, மேற்பார்வையின் கீழ் விவசாய வேலை பழக வேண்டும். ஆகவே ஆசிரியர் வகுப்பறையோடு நிற்க முடியாது. மாணவரின் வீட்டுக்குப் போய், அவன் வளர்க்கும் கன்றையும் சோளத்தையும் பார்த்தாக வேண்டும். 1928-ல் அந்த மாணவர்களுக்கென்று எதிர்கால விவசாயிகள் சங்கமும் ஏற்பட்டது.

அங்கே பண்ணைகள் பெரியவை, சூழ்நிலை வேறு. அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, சட்டம் முதலில் கட்டடத்தைத் தேடவில்லை; ஆசிரியருக்குச் சம்பளம் தேடியது. இரண்டாவது, மாணவனின் சொந்த வயலே பாடமாயிற்று. நூறாண்டுக்குப் பிறகு இன்றும் அங்கே வேளாண் ஆசிரியர்கள் போதவில்லை என்று இளைஞர்களை அழைக்கும் இயக்கம் நடந்து வருகிறது. தட்டுப்பாடு தமிழகத்துக்கு மட்டும் உரியதல்ல. அதைத் தீர்க்க முயல்வதில்தான் வித்தியாசம்.

பட்டணத்துக்கும் வேண்டும்

மறுபடியும் ஆதம்பாக்கம். அங்குள்ள பள்ளிப் பிள்ளைக்கு நெல் என்பது அரிசி மூட்டையில் தொடங்குகிறது. தக்காளி என்பது விலைப்பலகையில் தொடங்குகிறது. நாளைக்கு அந்தப் பிள்ளைகளில் சிலர் அதிகாரிகளாகி, நெல்லுக்கு விலை நிர்ணயிக்கும் மேஜையில் உட்காருவார்கள். சிலர் வங்கியில் பயிர்க்கடன் மனுவைப் பார்ப்பார்கள். எல்லோரும் தக்காளி கிலோ பத்து ரூபாய் ஏறினால் கோபப்படுவார்கள். பயிர் என்றால் என்ன, ஒரு பூச்சித் தாக்குதல் என்ன செய்யும் என்று சிறு வயதில் கையால் அறிந்தவர்கள் அந்த மேஜைகளில் உட்கார்ந்தால், அதனால் லாபம் அடைபவர் விவசாயியே.

ஆகவே நகரத்துப் பள்ளிகளில் விவசாயப் பாடம் வீண் ஆடம்பரமல்ல. நிலம் இல்லாவிட்டால் மொட்டை மாடி இருக்கிறது. தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத்துக்கு ஊக்கம் தந்து வருகிறது. பைகளில் கத்தரியும் வெண்டையும் கீரையும் வளர்க்கலாம். சமையல் கழிவில் எரு செய்யலாம். கிணற்று நீர் ஏன் உப்பாயிற்று, ஏரி தூர்ந்தால் தெரு ஏன் மூழ்குகிறது என்று பேசலாம். இதற்கெல்லாம் ஆசிரியர் வேண்டும். அந்த வேலைக்கு வரப்போகிறவர் மதுராந்தகத்திலோ உத்தரமேரூரிலோ இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியின் மகளாக ஏன் இருக்கக் கூடாது?

செய்ய வேண்டியவை

தமிழகத்தில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. ஒன்றியத்துக்கு ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியிலாவது விவசாயப் பிரிவு நடக்க வேண்டும். அதற்கு இரண்டு நிரந்தர ஆசிரியர்கள் வேண்டும். மொத்தம் 776 பேர். அரசாங்கத்தின் சம்பளச் செலவில் இது பெரிய பாரமல்ல. 2021 முதல் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை வைக்கும் மாநிலம் இது. அதில் இந்த ஆசிரியர்களுக்கும் ஒரு வரி இடம் பெறுவது பொருத்தமே.

பள்ளிக்கு அரை ஏக்கராவது நிலமும் தண்ணீரும் வேண்டும். சொந்த நிலம் இல்லாத இடத்தில் ஊராட்சி நிலத்தையோ, விருப்பமுள்ள விவசாயியின் வயலையோ குத்தகைக்கு எடுக்கலாம். நியமிக்கப்படும் ஆசிரியருக்கு வேளாண் பட்டத்தோடு கற்பிக்கும் பயிற்சியும் அளிக்க வேண்டும். பயிர் தெரிந்தவரெல்லாம் பாடம் நடத்தத் தெரிந்தவர் ஆகிவிடமாட்டார். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஆண்டுதோறும் சில நாட்கள் அனுப்பி அவர் அறிவைப் புதுப்பிக்க வேண்டும்.

விவசாயிகளின் பங்கும் இதில் உண்டு. "என்னோடு இந்தக் கஷ்டம் போகட்டும்" என்று சொல்லிப் பிள்ளையை விவசாயப் பிரிவில் சேர்க்கத் தயங்குவது பெற்றோர்தான். குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குரிய பிரிவு என்ற எண்ணமும் அவர்களிடமே இருக்கிறது. பத்தாவது முடித்த பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால், அருகில் விவசாயப் பிரிவு எந்தப் பள்ளியில் நடக்கிறது என்று விசாரிக்க வேண்டும். இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கிராம சபையிலும் தீர்மானம் போட்டு, மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் உரம் பற்றியும் தண்ணீர் பற்றியும் கேட்கிறார்கள், அது அவசியம். ஆசிரியர் பற்றியும் கேட்க வேண்டும். உரம் இந்தப் போகத்துக்கு. ஆசிரியர் அடுத்த முப்பது போகத்துக்கு.

வேளாண் பட்டம் படிக்கும் இளைஞர்களும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வங்கி வேலையும் கம்பெனி வேலையும் நல்லவையே. ஆனால் ஒரு வகுப்பில் முப்பது பேர் என்றால், பத்து ஆண்டில் முந்நூறு வீடுகளின் வயல்களில் ஓர் ஆசிரியரின் சொல் விளைந்திருக்கும். ஒரு வீட்டில் விதைச் செலவு குறைந்திருக்கும். இன்னொரு வீட்டில் தேவையில்லாத மருந்துச் செலவு நின்றிருக்கும்.

சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கிய பள்ளி கிராமத்துக்கு வந்து சேரவில்லை. அதன் மாணவர்கள் கச்சேரியை நோக்கிப் போனார்கள். இந்த முறை பாதை திரும்ப வேண்டும். சிறு விவசாயியின் வீட்டிலிருந்து ஆசிரியர் வர வேண்டும். அந்த ஆசிரியர் சிறு விவசாயியின் பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அதற்கான தீர்மானத்தை எந்த ஊர் முதலில் போடப் போகிறது?